வாயைப் பூட்டும் விஷம்

மூளை என்றால் "செய்" என்று உத்தரவிடும் அதிகாரி என்றே நினைக்கிறோம். "செய்யாதே" என்று அடக்கும் நரம்புகளும் அதில் உண்டு. அவை இல்லாவிட்டால் ஒரு வாய்ச் சோற்றை மெல்ல முடியாது. வாயைத் திறக்கும்போது, மூடும் தசை ஓய்ந்திருக்க வேண்டுமல்லவா?

இந்த வேலை நடப்பது மூளைத் தண்டில். ஆய்வாளர்கள் இதை எலிகளில் கண்டறிந்தார்கள். அடக்கும் நரம்பின் நுனி அடுத்த நரம்பைத் தொடுவதில்லை. நடுவே ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 50,000இல் ஒரு பங்கு இடைவெளி. நுனியிலுள்ள நுண்பைகள் கிளைசின், காபா என்ற ரசாயனங்களைக் கொட்டும். அக்கரையில் குளோரைடு வாசல் திறந்து, அந்த நரம்பு அடங்கிவிடும். வேடிக்கை என்னவென்றால், பிறந்த எலிக்குஞ்சில் இதே ரசாயனங்கள் நரம்பைத் தூண்டிவிடுகின்றன! நாளாக ஆகத்தான் அது பிரேக்காக மாறுகிறது.

எட்டிக்கொட்டையிலுள்ள ஸ்ட்ரிக்னின் விஷம் கிளைசினுக்குரிய வாசலை அடைத்துவிடும். டெட்டனஸ் கிருமியின் நச்சோ, நுனியிலிருந்து ரசாயனம் வெளியேறவே விடாது. இரண்டிலும் தசைகள் இறுகும். தாடைக்கு வரும் நரம்பு குட்டையானது. அதனால் டெட்டனஸில் பெரும்பாலும் முதலில் வாய்தான் பூட்டிக்கொள்கிறது.

ஆணி குத்தினால் மஞ்சள் தடவிவிட்டுச் சும்மா இருப்பவர்கள் இன்னும் உண்டு. கிருமி வாழ்வது துருவில் அல்ல, மண்ணில். தோட்டத்து முள்ளே போதும். நரம்புக்குள் புகுந்துவிட்ட நச்சை எந்த மருந்தாலும் வெளியேற்ற முடியாது. நீங்கள் கடைசியாகத் தடுப்பூசி போட்டுப் பத்து ஆண்டு ஆகிவிட்டதா?