அரைக் கம்பமும் இருட்டுத் தீபாவளியும்

2016 டிசம்பர் 5, சாயங்காலம். சென்னை ராயப்பேட்டையில் அ.தி.மு.க. தலைமை அலுவலகத்துக் கட்சிக் கொடி பாதிக்கு இறங்கியது. தொலைக்காட்சிகளில் ஓடிய செய்தியை நம்பி இறக்கிவிட்டார்கள். சிகிச்சை தொடர்கிறது என்று அப்போலோ மருத்துவமனை மறுத்ததும் கொடி மறுபடி உச்சிக்கு ஏறியது. அன்றிரவு 11.30 மணிக்கு முதலமைச்சர் ஜெயலலிதா காலமானார்.

அவர் 1948 பிப்ரவரி 24 அன்று பிறந்த ஊர் மேல்கோட்டை. வைணவர்களுக்குத் திருநாராயணபுரம், ராமாநுஜர் பல ஆண்டுகள் தங்கிய மலையூர். அன்றைக்கு மைசூர் ராஜ்யம், இன்றைக்குக் கர்நாடகத்தின் மண்டியா மாவட்டம். ஆனால் தேசியக் கொடிக்குப் பிறந்த ஊர் கணக்கில்லை, வகித்த பதவிதான் கணக்கு. முதலமைச்சர் இறந்தால் அவருடைய மாநிலம் முழுக்க அரைக் கம்பம் என்கிறது இந்தியக் கொடி விதித்தொகுப்பு. தமிழகத்தில் ஏழு நாள் துக்கம். அதற்கு மேல் டெல்லி தனியாக அறிவித்ததால்தான் டிசம்பர் 6 நாடு முழுமைக்கும் துக்க நாளாயிற்று.

அரைக் கம்பத்துக்கு ஒரு முறை உண்டு. கொடியைக் கட்டி நேரே பாதியில் நிறுத்தக் கூடாது. முதலில் உச்சி வரை ஏற்ற வேண்டும். ஒரு கணம் அங்கே நின்ற பிறகே பாதிக்கு இறங்க வேண்டும். மாலையில் கழற்றும் முன்பும் ஒரு தடவை உச்சியைத் தொட்டாக வேண்டும். குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி என்றால் உடல் கிடத்தியிருக்கும் கட்டடத்தில் மட்டும்தான் அரைக் கம்பம். உடலை எடுத்ததும் அங்கேயும் கொடி மேலே போய்விடும். சாவு வீட்டுக்காரருக்கு இது கறாராகத்தான் தோன்றும்.

வீட்டுத் துக்கம் வேறு வழியில் போனது. எரிக்காமல் மெரினாவில் புதைத்துவிட்டார்களே என்று மைசூர்ப் பக்கத்து உறவினர்கள் டிசம்பர் 13 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காவிரிக் கரையில், உடலுக்குப் பதில் ஒரு பொம்மையை வைத்து, ஐயங்கார் முறைப்படி தகனச் சடங்கு செய்தார்கள்.

அதே ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஆட்சி செய்தவர் திப்பு சுல்தான். மேல்கோட்டையில் மண்டயம் ஐயங்கார்கள், குறிப்பாகப் பாரத்வாஜ கோத்திரத்தார், தீபாவளி நாளான நரக சதுர்த்தசியைக் கொண்டாடுவதில்லை. திப்புவை எதிர்த்த மைசூர் உடையார் அரசி லட்சுமம்மணியின் பக்கம் நின்றதற்காக, அந்த நாளில் திப்புவின் படை தங்கள் முன்னோரில் எழுநூறு, எண்ணூறு பேரைக் கொன்றது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். ஆண்டு, எண்ணிக்கை பற்றி வரலாற்றாசிரியர்களுக்குள் தகராறு உண்டு. இதே ஊர்க் கோயிலுக்குத் திப்பு கொடுத்த முரசும் உண்டு. இருக்கட்டும். விளக்கேற்றாத வீட்டைச் சான்று கேட்டு மடக்குவது எனக்கு அழகாகப் படவில்லை. இருநூறு வருஷத்துக்கும் மேலாக எந்த அரசாணையும் இல்லாமல் நடக்கும் துக்கம் அது.

தீபாவளி சமயத்தில் மேல்கோட்டைப் பக்கம் போனால், அந்த வீட்டு வாசல்களில் நின்று "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.