உங்களுக்குத் தெரியுமா? குச்சி விட்டுப் பெட்ரோல் பார்க்கும் விமானம்

உலகெங்கும் விமானப் பயிற்சிக் கிளப்புகளில் புதியவர்கள் ஓட்டிப் பழகிய விமானம் செஸ்னா 152. ஆசிரியரும் மாணவரும் தோள் உரச உட்காரும் இரண்டே இருக்கை; 110 குதிரைத்திறன் எஞ்சின். இறக்கை மேலே இருப்பதால் அதிலுள்ள பெட்ரோல் தானாகவே எஞ்சினுக்கு இறங்கிவிடும், பம்ப் தேவையில்லை. ஆனால் பெட்ரோல் காட்டும் முள்ளை மட்டும் விவரமறிந்தவர் நம்புவதில்லை. கிளம்புமுன் இறக்கைமீது எட்டி, டேங்கில் அளவுக்குச்சி விட்டுப் பார்ப்பார்கள். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைச் சின்னக் குழலில் பிடித்து, தண்ணீர் இருக்கிறதா என்றும் சோதிப்பார்கள் (இருந்தால் அடியில் தங்கும்). நடுவானில் பேட்டரி செத்தாலும் எஞ்சின் நிற்காது. தீப்பொறி தர இரண்டு மேக்னெட்டோக்கள் தனியே உண்டு. இவ்வளவு பேர் பழகிய இந்த விமானத்தின் தயாரிப்பு 1985-இலேயே நின்றுவிட்டது!