வர்ணத்தை மட்டும் தனியா தாங்க

பரதநாட்டிய அரங்கேற்றம் ஒன்று இரண்டரை, மூன்று மணி நேரம் ஓடும். புஷ்பாஞ்சலி, அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம். நடுவில் விருந்தினர் பேச்சு, குருவுக்கு மரியாதை. பிறகு பதம், ஜாவளி, தில்லானா, மங்களம். மூன்று கேமராவில் எடுத்து, ஒலியைத் தனியே பதிந்து, எல்லாவற்றையும் கோத்து ஒரே படமாகக் கொடுப்பது என் தொழில். கொடுத்த மறுநாளே போன் வரும்: "சார், படம் பிரமாதம். வர்ணத்தை மட்டும் தனியா தாங்க. எங்க அக்கா அமெரிக்கால இருக்கா, அவளுக்கு அனுப்பணும்." அடுத்த வாரம் தில்லானா தனியாக வேண்டும். அதற்கடுத்து மாமாவின் பேச்சு.

வீடியோ கேசட் காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. 180 நிமிட கேசட் ஒன்றில் நிகழ்ச்சி மொத்தமும் அடங்கும், வர்ணம் பார்க்க வேண்டியவர் ரிமோட்டை அழுத்திக்கொண்டு ஓட்டிப் பார்ப்பார். டிவிடி வந்தபோது மெனு போட்டு, உருப்படிகளின் பெயர்களை வரிசையாக எழுதினோம். பெயரை அழுத்தினால் அந்த இடத்துக்குத் தாவும், படம் உள்ளே ஒன்றாகவே இருக்கும். வாட்ஸ்அப்பும் யூடியூபும் வந்த பிறகுதான் ஒவ்வொரு உருப்படியும் தனிக் கோப்பாக வெளியே போக வேண்டியதாயிற்று. ஆகவே இப்போது முழுப் படத்தை ரெண்டர் செய்யும் அன்றே துண்டுகளையும் சேர்த்து எடுத்துவிடுகிறேன்.

புதிதாக எடிட்டிங் பழகும் பிள்ளைகள் இதைச் செய்கிற விதம் பார்க்கப் பாவமாக இருக்கும். டைம்லைனில் அலாரிப்புக்குத் தொடக்கம், முடிவு குறிப்பார்கள். எக்ஸ்போர்ட் கொடுப்பார்கள். அது முடியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிறகு ஜதிஸ்வரம். இப்படி ஒரு நாள் போய்விடும். உண்மையில் எந்த நல்ல மென்பொருளிலும் ரெண்டர் வரிசை என்று ஒன்று இருக்கிறது. டாவின்சி ரிசால்வில் ஐ விசையால் தொடக்கமும் ஓ விசையால் முடிவும் குறித்து, டெலிவர் பக்கத்தில் கோப்புக்குப் பெயர் கொடுத்து, வரிசையில் சேர் என்றால் அந்த வேலை ஓரமாகப் போய் நிற்கும். அடுத்த உருப்படிக்குக் குறிகளை நகர்த்து, பெயரை மாற்று, சேர். பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, ரெண்டர் ஆல் அழுத்திவிட்டுச் சாப்பிடப் போகலாம். அடோபி பிரீமியரில் இதே வேலையை மீடியா என்கோடர் என்ற துணை மென்பொருள் பார்க்கிறது. வரிசை அங்கே ஓடிக்கொண்டிருக்க, நாம் பிரீமியரில் வேறு எடிட்டைத் தொடரலாம்.

"ரிசால்வில் இதைவிடச் சுலபமாக ஒன்று இருக்கிறதே, இண்டிவிஜுவல் கிளிப்ஸ் என்று?" என்று விவரம் தெரிந்த பையன்கள் கேட்பார்கள். இருக்கிறது. டெலிவர் பக்கத்தில் சிங்கிள் கிளிப், இண்டிவிஜுவல் கிளிப்ஸ் என இரண்டு தேர்வுகள் பக்கத்துப் பக்கத்தில் உண்டு. இரண்டாவதைத் தொட்டால் துண்டு துண்டாக வரும் என்பது சரி. ஆனால் அது எதைத் துண்டு என்று நினைக்கிறது என்பதில்தான் விஷயம். நமக்குத் துண்டு என்றால் வர்ணம். மென்பொருளுக்கு, டைம்லைனில் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் இருப்பதுதான் துண்டு. பத்து விநாடிக்கு ஒரு முறை கேமரா மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், 40 நிமிட வர்ணத்திலிருந்து மட்டும் 240 கோப்புகள் வந்து கொட்டும். ஒன்றில் கண், ஒன்றில் பாதம், ஒன்றில் நட்டுவாங்கம்.

அந்த வசதி நமக்காகச் செய்யப்பட்டதல்ல. டாவின்சி தொடக்கத்தில் சினிமா, விளம்பரப் படங்களுக்கு நிறம் திருத்தும் கருவி. ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் நிறுவனம் 2009-இல் அதை வாங்கிய பின்பு, படிப்படியாக முழு எடிட்டிங் மென்பொருளாக வளர்ந்தது. நிறம் திருத்துபவர் ஒவ்வொரு ஷாட்டையும் தனித்தனிக் கோப்பாக எடிட்டருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கு வைத்த வழி அது. ஒவ்வொரு ஷாட்டின் முன்னும் பின்னும் சில பிரேம்களை உபரியாகச் சேர்த்து எடுக்கும் வசதிகூட அதில் உண்டு, எடிட்டர் பிறகு கொஞ்சம் இழுத்துக்கொள்ளட்டும் என்று. ஒரே கேமராவில் வெட்டில்லாமல் எடுத்த படமாக இருந்து, உருப்படி முடிகிற இடங்களில் மட்டும் வெட்டியிருந்தால் நாமும் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். மூன்று கேமரா என்றால் குறி வைத்து வரிசையில் சேர்ப்பதே உத்தமம்.

குறி வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. எனக்கு அதுதான் பெரிது. வெட்டினால் ஒரு நொடி ஒரு பக்கத்துக்குத்தான் சொந்தம். குறி வைத்தால் ஒரே நொடியை இரண்டு கோப்புகளிலும் வைக்கலாம். ஜதிஸ்வரம் முடிந்து கைதட்டல் எழுகிறது. அது அடங்குவதற்குள் அடுத்த உருப்படிக்கான தம்புரா சுருதி கேட்க ஆரம்பித்துவிடும், தொகுப்பாளர் சப்தத்தின் ராகத்தையும் தாளத்தையும் சொல்லத் தொடங்கிவிடுவார். கைதட்டலை நறுக்கினால் ஆடிய பெண்ணின் பாட்டி கோபித்துக்கொள்வார். சுருதியை நறுக்கினால் பாடியவர் கோபித்துக்கொள்வார். இரண்டு கோபமும் நியாயமானவை. ஜதிஸ்வரத்தின் முடிவுக்குறியைக் கைதட்டல் ஓயும்வரை தள்ளி வைக்கிறேன். சப்தத்தின் தொடக்கக்குறியைக் கைதட்டலின் நடுவிலேயே வைக்கிறேன். சில விநாடிகள் இரண்டிலும் வரும். தனித்தனியாகப் பார்ப்பவருக்கு அது தெரியப்போவதில்லை.

பெயர் வைப்பதற்கு இரண்டே விதிகள். எண்ணை 01, 02 என்று தொடங்க வேண்டும். வெறும் 1, 2 என்று வைத்தால் பல டிவிகளில் 1-க்குப் பிறகு 10 வந்து நிற்கும், புஷ்பாஞ்சலியை அடுத்து மங்களம் பாடிவிடும். இன்னொன்று, பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பது. எனக்கு அதில் சம்மதமில்லைதான். ஆனால் தமிழில் வைத்த பெயர் சில பழைய டிவிகளில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, என்ன செய்ய.

அளவு விஷயம் கொஞ்சம் கணக்கு. கடையில் வாங்கும் பென் டிரைவ் பல ஃபேட்32 முறையில் இருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. டிரைவ் 64 ஜிபி காலியாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளாது. விநாடிக்கு 20 மெகாபிட் தரத்தில் எடுத்த 40 நிமிட வர்ணம் 6 ஜிபி வரும். அதையே 10 மெகாபிட்டில் எடுத்தால் 3 ஜிபி. வீட்டு டிவியில் பார்க்க அது தாராளம். டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தும் தப்பிக்கலாம், டிவி அதைப் படித்தால். வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பினால் 2022-லிருந்து 2 ஜிபி வரை போகிறது. வீடியோவாகவே அனுப்பினால் அது தன் இஷ்டத்துக்குச் சுருக்கி, முக பாவத்தையெல்லாம் கரைத்துவிடும். அபிநயத்தை அப்படி அனுப்புவதற்கு அனுப்பாமலே இருக்கலாம்.

சரி, எடிட்டரிடம் போகாமல், கையில் இருக்கும் முழுப் படத்திலிருந்து நீங்களே வர்ணத்தை எடுக்க முடியுமா? முடியும். லாஸ்லெஸ்கட் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. தொடக்கம், முடிவு குறித்துப் பல துண்டுகளை ஒரே தடவையில் தனித்தனிக் கோப்பாக எடுத்துத் தரும். படத்தை மறுபடி ரெண்டர் செய்யாமல் உள்ளதை அப்படியே நகலெடுப்பதால் தரம் துளியும் குறையாது, மூன்று மணி நேரப் படத்துக்கும் சில நிமிடங்களே ஆகும்.

ஆனால் குறித்த இடத்தில் அது கச்சிதமாக வெட்டாது. எச்.264 போன்ற வீடியோ சுருக்கும் முறைகளில் எல்லாப் பிரேமும் முழுப் படமாகச் சேமிக்கப்படுவதில்லை. அவ்வப்போது ஒரு முழுப் படம், அதற்குக் கீபிரேம் என்று பெயர். நடுவில் உள்ளவற்றுக்கு என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். மறுபடி ரெண்டர் செய்யாமல் வெட்டும்போது துண்டு கீபிரேமில்தான் தொடங்க முடியும். கீபிரேம்கள் தள்ளித் தள்ளி இருந்தால், வர்ணத்தின் தொடக்கத்தில் தொகுப்பாளரின் கடைசி வாக்கியமும் ஒட்டிக்கொண்டு வரும்.

இதற்கும் எடிட்டர் மேசையிலேயே வழி இருக்கிறது. பிரீமியரிலும் ரிசால்விலும் எத்தனை பிரேமுக்கு ஒரு கீபிரேம் என்று ரெண்டர் அமைப்பில் சொல்லிவிடலாம். நம் ஊரில் பெரும்பாலும் விநாடிக்கு 25 பிரேம். நான் முழுப் படத்துக்கு 25 என்றே வைக்கிறேன். கோப்பின் அளவு கொஞ்சம் கூடும். பிறகு யார் எந்த மென்பொருளில் நறுக்கினாலும் ஒரு விநாடிக்கு மேல் பிசகாது. உங்கள் வீட்டு விசேஷத்தை எடுக்க யாரிடமாவது பேசும்போது இதைக் கேட்டுப் பாருங்கள்: உருப்படிகள் தனித்தனிக் கோப்பாகவும் வேண்டும், முழுப் படத்தில் விநாடிக்கு ஒரு கீபிரேம் வேண்டும். வேலை தெரிந்தவராக இருந்தால் கூடுதல் கூலி கேட்க மாட்டார்.