ஒரு காதால் கேட்பவருக்கு எந்த ஹெட்போன்?

அம்மாவுக்கு வலது காது கேட்காது. 2009 மாசி மாதம் தேவிபுரத்தில், பங்கர் வாசலில் நின்று தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்துக் காணிக்குள் ஷெல் விழுந்தது. உடம்பில் கீறல்கூட இல்லை. காதிலிருந்து கொஞ்சம் இரத்தம் வந்தது, அவ்வளவுதான். அதைக் காயம் என்று யாரும் எழுதவில்லை. அவரும் யாரிடமும் சொல்லவில்லை. முகாமிலிருந்து வெளியே வந்து ஒரு வருடம் கழிந்த பிறகுதான், வலது பக்கம் நின்று கதைத்தால் அவர் பதில் சொல்வதில்லை என்பதை நான் கவனித்தேன்.

அக்கா கனடாவில் இருக்கிறார். தினமும் வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புவார். அம்மா போனின் ஒலிபெருக்கியை முழுச் சத்தத்தில் வைத்து, காதுக்குப் பக்கத்தில் பிடித்துக் கேட்பார். அக்காவின் வீட்டுக் கடன் முதல் மருமகனின் கோபம் வரை எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். அக்கா ஒருநாள் அழுதபடி சொன்ன ஒரு விடயம் பக்கத்து வீட்டில் கதையாகிப்போனது. அதற்குப் பிறகுதான் அம்மாவுக்கு ஒரு வயரில்லா ஹெட்போன் வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

முதலில் வாங்கியது நகரத்தில் ஒரு கடையில், பெயர் தெரியாத கம்பனியுடையது. பெட்டியில் பெரிய எழுத்தில் 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று போட்டிருந்தது. காதில் மாட்டி ஆளியை அழுத்தியதும் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் "பவர் ஒன்" என்று கத்தியது. அம்மா ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டார். கை நடுங்கியது. போனில் சத்தத்தைக் குறைத்தாலும் அந்தக் குரல் குறையவில்லை; அது ஹெட்போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் ஒலி. ஷெல் சத்தத்தால் பாதிக்கப்பட்ட காது மெல்லிய ஒலியைத் தவறவிடும், ஆனால் திடீரென்று வரும் பெரிய ஒலியைத் தாங்காது. வாங்க முன்னர் கடையில் ஒருமுறை நிறுத்தி இயக்கிப் பாருங்கள். சிலவற்றில் இந்தக் குரலை அவற்றுக்குரிய செயலியில் நிறுத்தலாம். மிக மலிவானவற்றுக்குப் பெரும்பாலும் செயலியே கிடையாது.

இரண்டாவது நாள் சமாதானப்படுத்தி ஒரு பழைய பாட்டைப் போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "பிள்ளை, பாட்டில வயலின் எங்கை போட்டுது?" என்றார்.

வயலின் வலது பக்கத்தில் இருந்தது. ஸ்டீரியோவில் பதிவான பாட்டில் சில வாத்தியங்கள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் வரும். போனின் ஒலிபெருக்கியில் கேட்கும்போது எல்லாம் காற்றில் கலந்து ஒரு காதுக்கே வந்து சேரும். ஹெட்போனில் அப்படிக் கலக்காது. வலது மூடிக்குள் போகும் ஒலி வலது காதுக்கு மட்டும்தான். ஒரு காது கேட்காதவருக்கு அந்தப் பாதிப் பாட்டு இல்லாமலே போகிறது. தொண்ணூறுகளில், பற்றரி வராத காலத்தில், அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்ற, நாங்கள் வானொலியில் செய்தி கேட்டோம். அதில் ஒரே ஒரு ஒலிபெருக்கி. எல்லாம் ஒரே வழியாக வந்தது. அந்த வகையில் அந்தப் பழைய வானொலி அம்மாவின் காதுக்கு ஏற்றதுதான்.

இதற்குத் தீர்வு ஹெட்போனில் இல்லை, போனில் இருக்கிறது. அதற்குக் காசும் தேவையில்லை. அன்ட்ரொயிட் போன்களில் செட்டிங்ஸுக்குள் 'அக்சசிபிலிட்டி' என்ற பகுதிக்குப் போனால், கேட்டல் தொடர்பான இடத்தில் 'மோனோ ஓடியோ' என்று ஒன்று இருக்கும். ஐபோனிலும் அதே பெயரில் இருக்கிறது. அதை இயக்கினால் இரண்டு பக்க ஒலியும் ஒன்றாகக் கலந்து, இரண்டு மூடிகளிலும் முழுமையாக வரும். அதற்கு அருகிலேயே ஒலியை இடப்பக்கம் அல்லது வலப்பக்கம் கூட்டிக் குறைக்கும் ஒரு கோடும் இருக்கும். ஒரு காது கொஞ்சம் கேட்கும், மற்றது நன்றாகக் கேட்கும் என்பவர்கள் அதை நகர்த்திப் பார்க்கலாம். அம்மாவின் போனில் மோனோவைப் போட்ட அன்று வயலின் திரும்பி வந்தது.

ஆனால் அக்காவின் குரல் இன்னும் தெளியவில்லை. "உது அவள்ட குரலைப் பாதி விழுங்கிப்போடுது" என்றார் அம்மா. இங்கேதான் ஹெட்போனின் தரம் உண்மையில் முக்கியமாகிறது.

வெடிச் சத்தத்தாலும் வயதாலும் செவி பழுதாகும்போது பெரும்பாலும் உயர்ந்த சுருதி ஒலிகள்தான் முதலில் போகும். உயிரெழுத்துகள் கேட்கும், க, ச, த, ப போன்ற மெய்களின் கூர்மை கேட்காது. 'படி', 'கடி', 'தடி' மூன்றும் ஒன்றுபோல ஒலிக்கும். "சத்தம் கேட்குது, என்ன சொல்லுறீங்கள் எண்டு விளங்கேல்லை" என்று எங்கள் ஊரில் எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மலிவு ஹெட்போன்கள் பலவற்றில் அடித்தொனியை, அதாவது பேஸை, வேண்டுமென்றே கூட்டி வைத்திருக்கிறார்கள். கடையில் பத்து விநாடி கேட்பவருக்கு அது பிடிக்கும். ஆனால் பெருத்த அடித்தொனி மெய்யெழுத்துகளின் மெல்லிய ஒலியை மூடிவிடும். விளங்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவார்கள். அடித்தொனியும் சேர்ந்தே கூடும்.

ஆகவே கடைக்குப் போகும்போது பாட்டைக் கொண்டு போகாதீர்கள். வீட்டில் ஒருவரை 'படி, கடி, தடி, பல், கல், சொல்' என்று மாற்றி மாற்றிச் சாதாரணமாகச் சொல்லவைத்துப் போனில் பதிந்துகொள்ளுங்கள். சத்தத்தை அரைவாசியில் வைத்து, ஹெட்போனைப் பாவிக்கப்போகிறவரே கேட்டுத் திருப்பிச் சொல்லட்டும். எந்த ஹெட்போனில் பிழை குறைவோ அதுதான் அவருக்கு நல்லது, விலை என்னவாக இருந்தாலும். நான் இந்த முறையில் மூன்று நான்கை மாற்றிப் பார்த்தேன். ஒலியைச் சரிப்படுத்தும் 'ஈக்வலைசர்' உள்ள செயலியோடு வருபவற்றில், இடப்பக்கத்திலுள்ள தாழ்ந்த சுருதிக் கோடுகளைக் கீழே இறக்கி, இரண்டாயிரம் முதல் நாலாயிரம் ஹேர்ட்ஸ் வரையுள்ளதைக் கொஞ்சம் ஏற்றியபோது அம்மாவின் பிழைகள் பாதியாகக் குறைந்தன. பாட்டுப் பிரியர்களுக்கு அது தகரச் சத்தம்போல இருக்கும். அம்மாவுக்கு அக்காவின் குரல்.

காதின்மேல் அமரும் சிறியதா, காதை முழுதாக மூடும் பெரியதா என்ற கேள்விக்கு நான் பெரியது என்றுதான் சொல்வேன். முதற் காரணம், வெளிச்சத்தம் குறைவாக உள்ளே வருவதால் குறைந்த ஒலியிலேயே விளங்கும். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் சிறியதை மாட்டினால் இயந்திர இரைச்சலை வெல்லச் சத்தத்தைக் கூட்டியே ஆகவேண்டும். உலக சுகாதார நிறுவனம் வயது வந்தவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபெல், வாரத்துக்கு 40 மணித்தியாலம். சிறுவர்களுக்கு 75 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். ஒரு காது மட்டுமே மிஞ்சியிருப்பவர் அந்தக் காதை இந்தக் கணக்கில் வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும். இரண்டாவது, காதைச் சுற்றித் தழும்பு உள்ளவர்களுக்குச் சிறியது அழுத்தும். காதுக்குப் பின்னால் கேட்டல் கருவி போட்டிருப்பவர்களுக்கும் ஆழமான பெரிய மூடிதான் வசதி, ஆனால் கருவி கூவுகிறதா என்று போட்டுப் பார்த்தே வாங்கவேண்டும்.

ஏ.என்.சி. என்று பெட்டியில் போட்டிருக்கும் இரைச்சல் குறைக்கும் வசதி பஸ், மின்விசிறி, ஜெனரேற்றர் போன்ற ஒரே சீரான உறுமலை நன்றாகக் குறைக்கும். மலிவானவற்றில் மனிதக் குரலை அதிகம் குறைக்காது. நான் அதற்காகக் கூடுதலாகக் காசு கொடுக்கத் தயாராக இருந்தேன். அம்மா ஒரு நிமிடம் போட்டுவிட்டுக் கழற்றினார். "உதைப் போட்டா ஆர் வருகினம் எண்டு தெரியாது." வன்னியில் ஷெல் புறப்படும் சத்தத்தை வைத்துப் பங்கருக்குள் பாய்ந்தவர் அவர். வாசல் கேற்றின் சத்தம், நாய் குரைப்பது, வீதியில் வாகனம் நிற்பது எல்லாம் அவருக்குக் கேட்க வேண்டும். அதை மாற்றச் சொல்ல நான் யார்? அதேநேரம், காதுக்குள் ஓயாமல் இரைகிறது என்று சொல்பவர்களில் சிலருக்கு முழு அமைதியில் அந்த இரைச்சல் இன்னும் பெரிதாகத் தெரியும். ஏ.என்.சி.யைப் போட்டுப் பாராமல் அதற்கென்று காசு கொடுக்காதீர்கள்.

கடைகளில் கிடைக்கும் பெயர் தெரிந்தவற்றில் சோனி டபிள்யூஎச்-சிஎச்520 இலேசானது. ஒருமுறை சார்ஜ் பண்ணினால் 50 மணித்தியாலம் என்று கம்பனி சொல்கிறது. செயலியில் ஈக்வலைசர் உண்டு. ஆனால் அது காதின்மேல் அமரும் வகை. வயர் செருகவும் இடமில்லை. ஜேபிஎல் டியூன் 720பிடி காதை மூடும் வகை, 76 மணித்தியாலம் என்கிறார்கள், வயரிலும் கேட்கலாம், ஏ.என்.சி. இல்லை. சவுண்ட்கோர் கியூ20ஐ-யில் ஏ.என்.சி. உண்டு, அது இயங்கும்போது 40 மணித்தியாலம் என்கிறார்கள். மூன்றுக்கும் போலிகள் சந்தையில் உலாவுவதால், உத்தரவாத அட்டை தராத கடையில் வாங்குவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022 இல் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது பற்றரிக் கணக்கு எனக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கும். இப்போது இவற்றில் எதை எடுத்தாலும் அம்மாவுக்கு ஒரு கிழமைக்கு மேல் போகும். எங்கள் வெக்கையில் முதலில் போவது செயற்கைத் தோல் குஷன்தான். வியர்வையில் ஊறி உரியத் தொடங்கும். அதைக் கழற்றி மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

இன்னொன்று. குரல்பதிவு தெளிவாக இருந்தும், நேரடி அழைப்பில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தால் ஹெட்போன் பழுது என்று திருப்பிக் கொடுக்க ஓடவேண்டாம். புளூடூத்தில் மைக்கும் சேர்ந்து இயங்கத் தொடங்கியதும் ஒலியின் தரம் தானாக இறங்கிவிடும். எங்களுக்குப் பழகிப்போய்விட்டது; அக்காவும் இப்போது நீண்ட கதைகளைக் குரல்பதிவாகவே அனுப்புகிறார்.

ஹெட்போன் கேட்டல் கருவி அல்ல. ஒரு காது கேட்காதவர்கள், காதில் சீழ் வடிபவர்கள், இரைச்சலால் நித்திரை இல்லாதவர்கள் யாழ். போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவிலோ அருகிலுள்ள பெரிய வைத்தியசாலையிலோ ஒருமுறை காட்டவேண்டும். கிழிந்த செவிப்பறையைச் சிலருக்குச் சத்திரசிகிச்சையால் சரிசெய்யலாம். உள்காதில் செத்துப்போன கலங்கள் திரும்ப முளைப்பதில்லை. அம்மாவை நான் கூட்டிப்போனது பதினைந்து வருடம் கழித்து. செவிப்பறை எப்போதோ தானாக ஆறிவிட்டது, உள்ளேதான் பழுது என்றார் வைத்தியர். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, "அப்பவே வந்திருந்தா?" என்று கேட்டார். அதைத்தான் நானும் வைத்தியரிடம் கேட்டிருந்தேன். அப்போது வந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்று அவர் சொன்னதைச் சொன்னேன். அம்மா தலையாட்டினார்.

கடைசியில் காதை மூடும், ஏ.என்.சி. இல்லாத ஒன்றை வாங்கினோம். பின்னேரம் வாசற்படியில் இருந்து, இடது மூடியைக் காதில் வைத்து, வலது மூடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் கேட்கிறார். அந்தக் காது கேட்காதே, பிறகு ஏன் தள்ளுகிறீர்கள் என்று கேட்டேன். அது அப்படி இருக்கட்டும் என்றார். அக்கா என்ன சொன்னார் என்று இப்போது எனக்கே தெரிவதில்லை. அம்மா சொன்னால்தான் உண்டு.