கேஷ் கவுண்டரில் இரண்டு தலைமுறை

அரசு வங்கிகளில் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதிலேயே கிளை மேலாளர் ஆகிவிடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். கேபினுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர், இந்த மேலாளர் பிறப்பதற்கு முன்பே வேலையில் சேர்ந்தவர். பக்கத்து நாற்காலிக்காரர் போன வருஷம் ஐபிபிஎஸ் என்ற வங்கிப் பணித் தேர்வு எழுதி வந்தவர். "பெரியவர் கம்ப்யூட்டரைத் தொடவே யோசிக்கிறார். சின்னவர் யார் பேச்சையும் காதில் வாங்குவதில்லை. இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நான் எப்படிக் கிளையை ஓட்டுவது?" என்று இந்த மேலாளர்கள் என்னிடம் கேட்பார்கள். வங்கியிலேயே காலத்தைக் கழித்தவன் என்பதால் கேட்கிறார்கள். ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாத கேள்வி. டீ சொல்லிவிட்டு, கொஞ்சம் பின்னாலிருந்தே ஆரம்பிக்கலாம்.

1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. அப்போது நாடு முழுக்க வங்கிக் கிளைகள் 8,000 சொச்சம். 1990 வாக்கில் அது கிட்டத்தட்ட 60,000. கிளை திறக்கத் திறக்க ஆள் எடுத்தார்கள். பட்டப்படிப்பு முடித்த கையோடு பரீட்சை எழுதி, இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதில் கிளார்க்காக உள்ளே வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். பிறகு கணினி வந்தது. அரியலூரில் பிறந்த சி. ரங்கராஜன் தலைமையிலான குழுக்கள் 1984-லும் 1989-லும் வங்கிகளைக் கணினிமயமாக்குவது பற்றி அறிக்கை கொடுத்தன. வேலை போய்விடும் என்று ஊழியர் சங்கங்கள் எதிர்த்தன. பேச்சுவார்த்தை நீண்டு 1993-ல் ஒப்பந்தம் வந்தது. அந்தப் பத்தாண்டில் புதிதாக ஆள் எடுப்பது மெல்ல மெல்ல வற்றிப்போனது. 2000-01-ல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்ததும் சுமார் ஒரு லட்சம் பேர் ஒரே மூச்சில் வெளியே போனார்கள். மறுபடியும் பெரிய அளவில் கதவு திறந்தது பத்தாண்டு கழித்துத்தான். 2011-ல் ஐபிபிஎஸ் பொதுத் தேர்வு தொடங்கியது.

இந்தக் கணக்கைக் கவனியுங்கள். வழக்கமாக ஒரு அலுவலகத்தில் இருபத்தைந்து வயதுக்காரர் தன் சந்தேகத்தை முப்பத்தைந்து வயதுக்காரரிடம் கேட்பார், அவர் நாற்பத்தைந்திடம் கேட்பார். நம் வங்கிகளில் அந்தப் படிக்கட்டில் நடுப்படிகளே கட்டப்படவில்லை. பேரேட்டில் வேலை பழகியவரும், கைபேசியில் பணம் அனுப்பி வளர்ந்தவரும் இடையில் அதிகம் பேர் இல்லாமல் நேருக்கு நேர் நிற்கிறார்கள். ஆளெடுப்புக் கொள்கை உண்டாக்கிய இடைவெளி இது. இதைப் பெரியவரின் பிடிவாதம் என்றோ சின்னவரின் திமிர் என்றோ படித்துவிட்டால் மருந்தும் தப்பாகத்தான் போகும்.

தலைமைப் பண்புப் பயிற்சிக்குப் போனால் பூமர், ஜென் எக்ஸ், மில்லெனியல், ஜென் இசட் என்று ஒரு அட்டவணை காட்டுவார்கள். மில்லெனியல் என்றால் 1981 முதல் 1996 வரை பிறந்தவர்கள் என்பது அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் வகுத்துக்கொண்ட எல்லை. அங்கேயே இப்போது இதில் தயக்கம் வந்துவிட்டது. பணியாளர்களை நிர்வகிக்க இந்தத் தலைமுறைப் பிரிவுகள் உதவும் என்பதற்கு ஆய்வு ஆதாரம் வலுவாக இல்லை என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் குழு 2020-ல் அறிக்கை கொடுத்தது. இந்தப் பெயர்களை இனி பார்த்துத்தான் பயன்படுத்துவோம் என்று பியூ மையமே 2023-ல் சொல்லிவிட்டது. தலைமுறை என்றால் என்ன என்று 1928-லேயே கார்ல் மன்ஹைம் என்ற சமூகவியலாளர் யோசித்திருக்கிறார். ஒரே வருஷத்தில் பிறந்ததால் மட்டும் ஒரு தலைமுறை உருவாகாது, இளம் வயதில் ஒரே நிகழ்வைச் சேர்ந்து கடந்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. வங்கிக்காரர்களைப் புரிந்துகொள்ள எனக்கு இதுதான் உதவியது. ஒருவர் எந்த வருஷம் பிறந்தார் என்பதைவிட, எல்லாக் கிளைகளையும் ஒரே கணினி அமைப்பில் இணைத்த கோர் பேங்கிங் (சிபிஎஸ்) வந்தபோது அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று கேட்டால் ஆளைப் பற்றி நிறையத் தெரியும்.

ஒரு கிளையில் பார்த்ததைச் சொல்கிறேன். மாலை நாலரை மணி, கேஷ் முடிக்கிற நேரம். புதிதாகச் சேர்ந்த பெண்ணின் கவுண்டரில் 900 ரூபாய் குறைந்தது. மிஷினில் போட்டு மறுபடி மறுபடி எண்ணிப் பார்க்கிறாள். குறைந்தால் கைப்பணம்தான் கட்ட வேண்டும், முகம் வாடிவிட்டது. ஓய்வுக்கு ஒன்றிரண்டு வருஷமே பாக்கியிருந்த ஒருவர் எழுந்து வந்தார். நோட்டுக் கட்டை அவர் தொடவே இல்லை. "தொள்ளாயிரமா? ஒன்பதால வகுபடுதே. ஆயிரமும் நூறும் இடம் மாறின சலான் ஏதாவது இருக்கான்னு பாரும்மா. அந்த ரெண்டு எண்ணுக்கும் ஒண்ணுதான் வித்தியாசம் இருக்கும்" என்றார். சலான் கட்டைப் புரட்டினாள். கொஞ்ச நேரத்தில் அகப்பட்டது. 4,500 ரூபாய் கட்டியவருக்கு 5,400 என்று ஏற்றியிருந்தாள்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். வித்தியாசம் இரட்டைப்படையாக இருந்தால் அதில் பாதித் தொகை பற்றுக்குப் பதில் வரவில் ஏறியிருக்கிறதா என்று தேட வேண்டும். மாதா மாதம் பேரேட்டை பேலன்ஸ் செய்ய ராத்திரி வரை உட்கார்ந்து, பத்துப் பைசா உதைத்தாலும் விடாமல் தேடியவர்களுக்கு இது விரல் நுனியில் இருக்கும். இன்றைக்குக் கூட்டல் கழித்தலைச் சிபிஎஸ் பார்த்துக்கொள்கிறது, அதனால் அந்தப் பெண் இதைக் கற்க வேண்டிய சந்தர்ப்பமே வரவில்லை. ஆனால் கணினிக்குள் எண்ணைத் தட்டுவது இன்னும் மனிதக் கைதான். கை செய்கிற தப்பு பழைய தப்பேதான்.

இப்போது அதே பெரியவரின் பக்கம் வருவோம். பழைய முறையில் ஒரு ரூபாய் போகிற பாதை முழுவதும் அவர் கண்ணுக்குத் தெரியும். வவுச்சர், பேரேடு, டே புக், ஜெனரல் லெட்ஜர் என்று வரிசையாக வரும். சிபிஎஸ் வந்ததும் அந்தப் பாதை திரைக்குப் பின்னால் போய்விட்டது. ஃபினாக்கிள் என்ற சிபிஎஸ் மென்பொருள் உள்ள வங்கியில் கணக்கைப் பார்க்க ஏசிஎல்ஐ என்று தட்ட வேண்டும், பணம் மாற்ற டிஎம் என்று தட்ட வேண்டும். அர்த்தம் புரியாத எழுத்துகளை ஒரு சின்ன நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தார்கள். புதிய பதிப்பு வந்தபோது பல குறிகளுக்கு முன்னால் ஒரு ஹெச் சேர்ந்துகொண்டது. நோட்டை மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

அவர் என்டர் தட்டத் தயங்குவதற்குக் காரணம் மந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது நியாயமான பயமாகத்தான் படுகிறது. வங்கியில் ஒரு பரிவர்த்தனையை ஒருவர் போட, இன்னொருவர் சரிபார்த்து அனுமதிக்க வேண்டும். அனுமதித்தவர் பெயர் கணினியில் அப்படியே நிற்கும். தப்பு நடந்தால் மெமோ, விசாரணை. ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது குற்றப்பத்திரிகை ஒன்று கைக்கு வந்தால், கிராஜுவிட்டி உள்பட வர வேண்டிய பணம் மாட்டிக்கொள்ளும். முப்பத்தைந்து வருஷம் உழைத்த காசு. இருபத்தைந்து வயதுக்காரர் வேகமாகத் தட்டுவதற்கு ஒரு காரணம், இப்படி மாட்டிக்கொண்ட யாரையும் அவர் இன்னும் பக்கத்தில் பார்க்கவில்லை.

இந்தப் பயத்திலிருந்து பிறக்கிற ஒரு பழக்கம்தான் மேலாளர் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியது. "என் பாஸ்வேர்டு இதுதாம்மா, நீயே அத்தரைஸ் பண்ணிடு" என்று பெரியவர் சொல்வார். உதவிதானே என்று சின்னவரும் செய்வார். அந்த நிமிஷத்தில் இரண்டு பேர் பார்க்க வேண்டியதை ஒருவரே பார்க்கிறார், பாதுகாப்பு என்று இருந்தது போய்விட்டது. தண்டனையை நினைவூட்டும் சுற்றறிக்கையால் இது நிற்காது. அவருக்கு அந்தத் திரை பழக வேண்டும், வேறு வழியில்லை.

பழக்குவதற்கு நான் கண்ட முறை எளிமையானது. காலையில் கவுண்டர் திறப்பதற்கு முன் அரை மணி நேரம். பெரியவர் நாற்காலியில், சின்னவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு. மௌஸைச் சின்னவர் தொடக் கூடாது. இந்த ஒரு விதி போதும், மற்றது தானாக வரும். பயிற்சி மையத்தில் இரண்டு நாள் ஸ்லைடு பார்த்து வராதது, தன் கையால் பத்துத் தடவை போட்டால் வந்துவிடும். இளையவர் மூத்தவருக்குக் கற்றுத் தருவது ஒன்றும் புதிதல்ல. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஜாக் வெல்ச் 1999-லேயே தன் உயர் மேலாளர்கள் 500 பேரை, இணையம் தெரிந்த இளம் ஊழியர்களிடம் போய்க் கற்கச் சொன்னார்.

நம் ஊரில் மட்டும் ஒரு சங்கடம் உண்டு. நேற்று வந்த பிள்ளையிடம் போய்க் கேட்பதா என்ற கூச்சம். இரண்டு பக்கமும் கொடுக்கல் வாங்கல் இருந்தால் அது கரையும். காலையில் திரையைக் கற்றுக்கொண்டவர் மத்தியானம் வில்லங்கச் சான்றிதழை எப்படிப் படிப்பது, மூலப் பத்திரத்தில் எந்த வரியில் கண் நிற்க வேண்டும், நகைக் கடனுக்கு வந்தவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கட்டும். கடன் ஃபைலில் இரண்டு பேர் பெயரும் இருக்கட்டும். வயசுக்கு மரியாதை கொடுங்கள் என்று மேலாளர் தனியாகப் பிரசங்கம் செய்யும் தேவையே வராது.

சின்னவரின் குறையையும் கேட்க வேண்டும், ஏனென்றால் அதைக் கேட்பவர்கள் குறைவு. "நீ சீக்கிரம் போடுவே தம்பி" என்று சொல்லிச் சொல்லி எல்லா வேலையும் அவர் மேஜைக்கே வரும். வேகமாக வேலை செய்கிறவருக்கு இன்னும் வேலை, மெதுவாகச் செய்கிறவருக்கு நிம்மதி என்று ஆகிவிட்டால் நல்ல பையனும் ஒரு வருஷத்தில் கசந்துவிடுவான். ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் மேலாளர் டார்கெட் போடுவார். பெரியவர் காலையில்தான் பார்ப்பார். சின்னவர் அப்போதே பார்த்துவிட்டுத் தூங்காமல் புரள்வார். காப்பீடு விற்க வேண்டும், கடன் அட்டை விற்க வேண்டும். லட்சக்கணக்கானவர்களோடு மோதி ஜெயித்து வந்த வேலை இதுதானா என்று அவர் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

மேலாளர்கள் பலர் யோசிக்காத இன்னொன்றும் உண்டு. 2010 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, அவர்கள் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறார்கள். ஒரே கவுண்டரில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இருவருக்கு முதுமை பற்றி வங்கி கொடுத்திருக்கும் வாக்கு வேறு வேறு. "பேங்க் நம்மைக் கைவிடாது" என்று ஒருவர் மனதாரச் சொல்லும்போது மற்றவர் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தை விசுவாசக் குறைவு என்று எழுதி வைப்பது அநியாயம்.

இருவரும் சேர்ந்து வேலை செய்வார்களா என்ற சந்தேகம் எனக்கு 2016 நவம்பரில் போனது. நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. வங்கி மறுபடி திறந்த 10-ஆம் தேதி வாசலில் தெருமுனை வரை வரிசை. நோட்டு எண்ணும் மிஷின் சூடேறி நின்றபோது பழைய கேஷியர்கள் கையால் எண்ணினார்கள், தடவிப் பார்த்தே கள்ள நோட்டைப் பிரித்தார்கள். அடையாளச் சான்றுகளை மளமளவென்று ஏற்றி, தினமும் மாறிய விதிகளைக் கைபேசியில் படித்து எல்லோருக்கும் சொன்னது சின்னவர்கள். மேலாளர் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை. வேலை அப்படி அமைந்திருந்தது, ஒருவர் இல்லாமல் மற்றவரால் ஷட்டரை மூட முடியாது. சாதாரண நாளில் இப்படி வேலையைப் பிரித்துத் தருவதுதான் மேலாளரின் கையில் இருக்கிற கருவி.

நேரம் அதிகமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எண்பதுகளில் சேர்ந்த கடைசிக் கூட்டம் அறுபதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மாதக் கடைசியில் சால்வை, கேக், நாலு வார்த்தை, அதோடு அனுப்பிவிடுகிறோம். அதற்கு ஆறு மாதம் முன்பே அவர் பார்க்கிற ஃபைல்களுக்கு ஒரு இளையவரை ஜோடி சேர்த்துவிடுங்கள். எந்தப் பார்ட்டி மழை பெய்தால் கட்டுவார், எந்த ஜாமீன்தாரர் இறந்துவிட்டார், யாருடைய மகன் வெளியூரிலிருந்து பணம் அனுப்புகிறான் என்பது சிபிஎஸ்ஸில் இல்லை. மூன்று வருஷத்தில் நீங்களும் மாற்றலாகிப் போவீர்கள். உங்களுக்குப் பின்னால் வருகிற மேலாளர் முதல் வாரத்தில் கேட்கப்போவது இவற்றைத்தான், அப்போது பதில் சொல்ல அந்தக் கிளையில் ஒருவராவது இருக்க வேண்டும்.