பசுமை வளாகம்: மாலை ஆறரைக்குப் பிறகு என்ன நடக்கிறது?

"பசுமை வளாகம்", "நிலைபேறான அபிவிருத்தி" ஆகிய சொற்களை நமது பல்கலைக்கழகங்களின் திட்டங்களில் அடிக்கடி காண்கிறோம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் உள்ளது. அங்கு எரியும் ஒரு மின்குமிழுக்கும் கொட்டியாரக் குடாவின் மறுகரையிலுள்ள சம்பூருக்கும் என்ன தொடர்பு? இந்த மாவட்டத்தில் அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது என நான் கருதுகிறேன்.

2006இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களின் காணிகள் பின்னர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கின. அப்பகுதியில் 500 மெகாவாட் அனல்மின் நிலையம் திட்டமிடப்பட்டது. மக்கள் மீளக்குடியேறத் தொடங்கியது 2015இல்தான். அனல்மின் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த 120 மெகாவாட் சூரிய மின்திட்டம் 2025 ஏப்ரல் 5ஆம் திகதி தொடக்கி வைக்கப்பட்டது. மின்சாரத் தேவை கூடும்போது அதற்கான நிலத்தை யார் கொடுக்கிறார்கள் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும்.

கூரையில் சோலார் பொருத்திவிட்டால் வளாகம் பசுமையாகிவிடும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது பாதி உண்மை. சூரிய மின்சாரம் நண்பகலில் உச்சத்தில் கிடைக்கும். நாட்டின் மின்தேவை உச்சம் தொடுவதோ மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகல் தேவை குறைந்தபோது, கூரைச் சோலார்களைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபையே கேட்டுக்கொண்டது. பகலில் மிஞ்சுவதைச் சேமிக்க மின்கலங்கள் போதாததால், இரவுத் தேவையில் பெரும்பங்கை நீர்மின்சாரமும் நுரைச்சோலை நிலக்கரியும் எரிபொருளும்தான் தாங்குகின்றன.

ஆகவே ஒரு வளாகம் உண்மையில் சேமிக்க வேண்டிய நேரம் மாலைதான். விடுதி அறைகளும் நூலகமும் இயங்கும் நேரம் அது. சாதாரண கூரை மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுக்கும். பிஎல்டிசி வகை விசிறிக்கு 30 வாட் அளவு போதும். 100 விசிறிகளை மாற்றி, நாளுக்குப் பத்து மணிநேரம் ஓடவிட்டால் தினமும் 45 அலகு மிச்சமாகும். குளிரூட்டியை 26 பாகையில் வைப்பதும், ஆளில்லாத விரிவுரை மண்டபங்களின் விளக்குகளை அணைப்பதும் செலவில்லாத வழிகள்.

எங்கே எவ்வளவு வீணாகிறது என்பதை அறிய முதலில் வலுசக்திக் கணக்காய்வு வேண்டும். 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க நிலைபெறுதகு வலு அதிகாரசபைச் சட்டம் வலு முகாமையாளர்கள், கணக்காய்வாளர்கள் பற்றிப் பேசுகிறது. கட்டடம் கட்டடமாக மின்மானி பொருத்தி அளந்தால்தான் அடுத்த ஆண்டு ஒப்பிட முடியும்.

அளவீடு இல்லாத வாக்குறுதி வெறும் பெயர்ப்பலகை. இனி ஒரு வளாகம் தன்னைப் பசுமையானது என்று அறிவித்தால், கூரையில் எத்தனை கிலோவாட் என்பதோடு நின்றுவிடாதீர்கள். மாலை ஆறரைக்குப் பிறகு மாதம் எத்தனை அலகு, கடந்த ஆண்டைவிட எவ்வளவு குறைவு என்றும் கேளுங்கள். அங்கு குறையும் ஒவ்வொரு அலகும், இன்னொரு கிராமத்தின் காணியைத் தேடும் தேவையைச் சிறிதளவேனும் குறைக்கும்.