குளிர்வாயு தீர்ந்துபோவதில்லை

பாலக்காட்டுக் கணவாயில் கோடையின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவதுண்டு. அங்கிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாக இடுக்கி மாவட்டத்தின் மறையூருக்கு ஏறும் பழைய கார்களில் ஏசி பழுதாவது வழக்கமான தொல்லை. கேஸ் நிரப்பியதும் குளிர்கிறது. சில மாதங்களில் மீண்டும் வெப்பக் காற்றே வீசுகிறது.

பெட்ரோலைப் போல இவ்வாயு எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிவருகிறது. சில மாதங்களிலேயே குறைந்தால் கசிவு உண்டென்பதே பொருள். இறுகிய ரப்பர் வளையங்கள், கல்லடி பட்ட கண்டென்சர், அரித்துப்போன எவாபரேட்டர் ஆகியவை கசியும் இடங்கள். நைட்ரஜன் அழுத்தச் சோதனையோ, சாயமும் புறஊதா விளக்குமோ அவற்றைக் காட்டிக்கொடுக்கும். கசிவை நீக்கி, வெற்றிடப் பம்பினால் ஈரத்தை அகற்றிய பின்னரே, தயாரிப்பாளர் குறித்த எடையளவில் வாயுவை நிரப்ப வேண்டும். வாயு குறைந்த நிலையில் தொடர்ந்து இயக்கினால், அதனுடன் சுழலும் ஆயில் போதாமல் கம்ப்ரசரே கெடும்.

சமவெளியில் குளிர்ந்து மலையேற்றத்தில் மட்டும் நின்றுபோனால், கண்டென்சர் விசிறியை முதலில் சோதியுங்கள். மெதுவாக ஏறும் வண்டிக்கு எதிர்க்காற்று போதாது. விசிறி சுழலாவிடில் அழுத்தம் மிகுந்து, கம்ப்ரசர் தானே நின்றுவிடும்.

கசியும் ஆர்-134ஏ வாயு, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் புவியை வெப்பமாக்குவது என்பதும் கருதத்தக்கது.

தேய்மானமும் இயந்திரப் பழுதும் வழக்கமான வாகனக் காப்பீட்டில் அடங்கா. செலவு நம் சேமிப்பையே சாரும். எனவே பெரும் பழுதெனில் எழுத்து வடிவில் மதிப்பீடு பெற்று, காப்பீட்டுப் பத்திரத்திலுள்ள வாகன மதிப்புடன் ஒப்பிட்டு முடிவெடுங்கள். ஆண்டுதோறும் கேஸுக்குச் செலவிடுவதினும், ஒருமுறை கசிவைக் கண்டறியச் செலவிடுவதே சிக்கனம்.